திங்கட்கிழமையின் முதுகு

என் மாமியார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று முக்கால் மணி நேரம் முதுகைத்தான் பார்த்தார். அதிலும் முதல் கால் மணி நேரம் அவர் பார்த்தது வேறொருத்தியின் முதுகு. இதில் அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. முழுத் தப்பும் என்னுடையது. மிச்சம் மீதி ஏதாவது இருந்தால், அது மதுரையில் மூன்று நாள் நடந்த ஒரு நாடகப் பயிற்சி முகாமுடையது.

எங்கள் பக்கத்தில் முக்கியமான தொழில்கள் இரண்டு. வெடிப்பதைச் செய்வது ஒன்று, கிழிப்பதைச் செய்வது இன்னொன்று. நான் கிழிக்கிற பக்கம். திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருந்தேன். வீட்டில் தினம் ஒரு தாளாகக் கிழிக்கிறீர்களே, அந்தத் தாளில் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் கட்டத்துக்குள் உட்கார வைக்கிற வேலை. (நான் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஆனால் அஷ்டமி நவமி என்றைக்கு என்று எங்கள் தெரு ஜோசியரே என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. டேனியலை ஒரு கன்வென்ஷன் கூட்டத்தின் பாடகர் குழுவில் பார்த்திருந்தேன். விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாலு மாதம் போனில் பேசியபின் வீட்டில் சொல்வது என்று முடிவானது. என் அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டுச் சரி என்றாள். அவன் வீட்டில் அழுகையெல்லாம் இல்லை. அவனுடைய அம்மா கனகமணி டீச்சர், சாத்தூர்ப் பக்கம் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"நான் பிள்ளையப் பாக்கணும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

"அம்மாவுக்குப் பிடிக்கலன்னா?" என்று டேனியலிடம் கேட்டேன்.

"சண்டை போடுவேன்" என்றான். பிறகு அவனே, "ஆனா தோத்துப் போயிருவேன் பியூலா. இதுவரைக்கும் அம்மாகிட்ட ஜெயிச்சதே இல்ல" என்றான்.

(இவ்வளவு நேர்மையான ஆளை விட்டுவிடவும் மனசு வரவில்லை.)

ஆக, எல்லாம் அந்த ஒரு பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்கான பெண்ணாக இருந்தால் தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "காபி டம்ளரத் தூக்கிக்கிட்டு தலையக் குனிஞ்சு வந்து நிக்கிற ஆளு நான் இல்ல. வேலை செய்யுற எடத்துல, நான் நானா இருக்கப்ப வந்து பாக்கச் சொல்லு" என்று டேனியலிடம் சொல்லி அனுப்பினேன். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆச்சரியம், டீச்சர் ஒத்துக்கொண்டார். "அது என்னமோ கம்பெனியில நாடகம் போடுதாளாமே, அன்னைக்கே வாரேன்" என்று பதில் வந்தது.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலண்டர் தொழிலில் ஆடியில் ஆரம்பிக்கிற ஓட்டம் மார்கழி முடியும்வரை நிற்காது. தை பிறந்ததும் குடோன் காலியாகிவிடும், ஆட்கள் மூச்சு விடுவார்கள். அப்போது ஆண்டு விழா நடத்துவது எங்கள் அச்சக வழக்கம். வழக்கமாகக் கோலப்போட்டி, மியூசிகல் சேர், பிரியாணி. அந்த வருஷம்தான் நான் மதுரை முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அங்கே ஒரு ஜிப்பாக்காரர் வட்டரங்கு என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். மேடை என்று தனியாக உயரத்தில் எதுவும் இல்லை. நடுவில் நடிப்பவர்கள், சுற்றிலும் நாலு பக்கமும் பார்ப்பவர்கள். முன் வரிசை, பின் வரிசை கிடையாது. எல்லாரும் சமம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. இனி திருத்தங்கலில் சமத்துவத்தைக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் முதலாளியிடம் போய் அனுமதி கேட்டேன். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் அச்சுப் புள்ளி பார்க்கிற சின்ன லென்ஸ். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர்.

"அப்ப எனக்குச் சோபா போட மாட்டியாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் பிளாஸ்டிக் சேர்தான் அண்ணாச்சி. சமம்."

"ரொம்ப நல்லதா போச்சு. அந்தச் சோபாவுல உக்காந்தா எனக்கு எந்திரிக்க வரமாட்டேங்குது" என்றார்.

அத்தோடு சமத்துவம் வந்துவிட்டதாக நான் நம்பிவிட்டேன். நாற்காலியை மாற்றினால் போதும் என்று நினைத்த என் அறிவை இப்போது நினைத்தாலும் எனக்கே பாவமாக இருக்கிறது.

நாடகம் பாட்டும் சிரிப்புமாக ஒரு மணி நேரம். கதை என் சொந்த அவமானத்திலிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில் ஒரு மாதத்தில் இரண்டு புதன்கிழமையை அடுத்தடுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வேலை போய்விட்டது என்று டிபன் பாக்ஸைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். அண்ணாச்சி அந்தத் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பரவால்லம்மா, புதன் நல்ல நாள்தான். ஆனா ரெண்டு வேணாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

கிழமை ஒன்று குழம்பினால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் கதை. ஒரு சோம்பேறி ராஜா, திங்கட்கிழமையே கூடாது என்று சட்டம் போட்டு அதைச் சிறையில் அடைக்கிறான். ஊரில் ஞாயிற்றுக்கிழமை முடிய மாட்டேன் என்கிறது. ஊரெல்லாம் குழம்பி, கடைசியில் ராஜாவே திங்கட்கிழமையின் காலில் விழுந்து விடுதலை செய்கிறான். ராஜா வேஷம் கட்டிங் மெஷின் கருப்பசாமி அண்ணனுக்கு. இருபது வருஷ சர்வீஸ், கணீர்க் குரல், தொப்பைக்குத் தனியாகப் பஞ்சு வைக்க வேண்டியதில்லை. ஏழு கிழமைகளாக ஏழு பெண்கள். புதன்கிழமை, பைண்டிங் பிரிவு மாரியம்மா அக்கா. வேலை செய்யும்போது அவள் பாடினால் பக்கத்து கம்பெனிக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். திங்கட்கிழமையாக நான்தான். (இயக்குநரே கதாநாயகியாக நடிக்கக் கூடாது என்று முகாமில் சொன்னார்கள். நான் அந்த வகுப்புக்கு லேட்டாகப் போய்விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஏழு பேருக்கும் ஒரே சிவப்புச் சேலை, ஒரே மாதிரி ஒற்றைச் சடை, நெஞ்சில் கிழமையின் பெயர் அச்சடித்த அட்டை.

"ஏ தாயி, முதுகுலயும் ஒரு அட்டை மாட்டிவிட்டா என்ன? நாலு பக்கமும் ஆளு இருக்காகல்ல?" என்று கேட்டார் கருப்பசாமி அண்ணன்.

"நம்ம நாடகத்துல முதுகுன்னு ஒண்ணே கிடையாதுண்ணே" என்றேன் பெருமையாக.

ஏனென்றால் என்னிடம் ஒரு விதி இருந்தது. நாலு வரி பாடினால் எல்லாரும் வலது பக்கமாகக் கால் சுற்று திரும்ப வேண்டும். பதினாறு வரி முடிவதற்குள் நாலு பக்கத்துக்கும் முகம் காட்டிவிடலாம். ஒத்திகை இருபது நாள் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் காலி குடோனில் எல்லாரும் டேபிள் ஃபேன் மாதிரி அழகாகத் திரும்பினார்கள். ஒரு நாள்கூடத் தப்பு நடக்கவில்லை. ஒரு நாள்கூட அண்ணாச்சி ஒத்திகை பார்க்க வரவும் இல்லை. இந்த இரண்டு சங்கதிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

விழா அன்று சாயங்காலம் ஐந்து மணி. குடோன் நடுவில் பிரவுன் டேப் ஒட்டி வட்டம். நாலு பக்கமும் பிளாஸ்டிக் சேர், அதற்குப் பின்னால் பேப்பர் கட்டுகள் மேல் ஆட்கள். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நான் வேஷம் போட்டுக்கொண்டு பேப்பர் ரீல்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். நீலப் புள்ளிச் சேலையும் கறுப்புக் குடையுமாக கனகமணி டீச்சர் உள்ளே வருவது இடுக்கு வழியாகத் தெரிந்தது. போட்டோவில் பார்த்ததைவிட உயரமாக இருந்தார். வரவேற்கும் பொறுப்பைக் கருப்பசாமி அண்ணனிடம் கொடுத்திருந்தேன். காலண்டர் அட்டையில் தங்கத் தாள் ஒட்டிய கிரீடத்தோடு அவர் போய்க் கும்பிட்டார்.

"வாங்க டீச்சர். சாத்தூருல இருந்து பஸ்ஸுலயா வந்தீக?"

"ஆமா. முன் வரிசை எதுங்க?"

"இங்கன முன் வரிசை பின் வரிசை கிடையாது டீச்சர். எங்கன உக்காந்தாலும் முன்னாடிதான்" என்று நான் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு, சுவர்ப் பக்கம் முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்.

அண்ணாச்சி கேட் வழியாக வந்தார். நேர் எதிரே கேட் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், நாடகம் அந்த நிமிஷமே முடிந்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கீபோர்டு ஆரம்பித்தது. ராஜா வட்டத்துக்குள் போய், கேட் பக்கம் பார்த்து நின்று பாடினார்:

"ஒழிச்சேன் ஒழிச்சேன் திங்களை
ஒழிச்சேன் பாரடி தங்கமே
ஞாயித்துக் கெழம முடிஞ்சாக்க
செவ்வாக் கெழம பொங்கலே!"

நாலு வரி முடிந்தது. திரும்ப வேண்டும். கருப்பசாமி அண்ணனின் வலது கால் திரும்பியது. இடுப்பு திரும்பியது. கழுத்து மட்டும் அப்படியே அண்ணாச்சியைப் பார்த்து நின்றது. முகத்தில் ஒரு தவிப்பு. காலும் இடுப்பும் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டன. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணாச்சியின் அறைக்குள் போனால் இந்த மனுஷர் பின்னால் பின்னால் நடந்தேதான் வெளியே வருவார். இருபது வருஷமாக வாசலில் இருக்கும் தண்ணீர்க் கேனில் இடித்துக்கொண்டு வருகிறாரே தவிர, ஒரு நாளும் அவருக்கு முதுகைக் காட்டியதில்லை.

அடுத்து ஏழு கிழமைகளும் உள்ளே போனோம். ஆறு கிழமைகளும் வரிசையாக அண்ணாச்சியைப் பார்த்து நின்றுகொண்டன. எனக்கு வந்ததே கோபம்! நான் ஒருத்தியாவது திரும்பிக் காட்டுகிறேன், இவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று காலைத் தூக்கினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். புதன் நல்ல நாள்தான் என்று சொன்ன அதே சிரிப்பு. தூக்கிய காலைத் தூக்கிய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஊருக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்தவளின் லட்சணம் இது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் கால்தான் திரும்ப மாட்டேன் என்றது.

ஆக, சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த கனகமணி டீச்சருக்குத் தெரிந்தது ஒரு ராஜாவின் முதுகும் ஏழு சிவப்புச் சேலை முதுகுகளும்தான். 'நெஞ்சுல திங்கட்கிழமைன்னு அட்டை இருக்கும்மா, நல்லாப் பாடுவா, அதுதான் பியூலா' என்று டேனியல் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தான். நெஞ்சு எங்கே தெரிகிறது? கணக்கு டீச்சர் அல்லவா, கொடுத்த விவரத்தை வைத்து விடை கண்டுபிடித்தார். ஏழு பேரில் குரல் கணீரென்று வருகிற முதுகு எதுவோ அதுதான் மருமகள். அது மாரியம்மா அக்காவின் முதுகு. பிறகு டேனியல் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அவனுக்குப் போன் போட்டிருக்கிறார். அவன் டியூட்டியில் யாருக்கோ குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தானாம்.

"ஏய், பிள்ளைக்கு இருவத்தஞ்சு வயசுன்னுதான சொன்னே?"

"ஆமாம்மா. ஏம்மா?"

"காதோரம் நரை தெரியுது."

"நரையா?"

"இடுப்பப் பிடிச்சுக்கிட்டேதான் ஆடுது. முட்டி வலியும் இருக்கும் போல. நீ அந்தப் பிள்ளையப் பகல்ல பாத்தியா, இல்லையா?"

(மாரியம்மா அக்காவின் மூத்த மகளுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.)

அடுத்த காட்சியில் ராஜா திங்கட்கிழமையைச் சிறையில் அடைத்தார். சிறை என்பது வட்டத்தின் நடுவில் ஒரு மரப் பலகை மேடை, அதன்மேல் ஒரு நாற்காலி. நான் போய் உட்கார்ந்தேன். அதுவும் அண்ணாச்சியைப் பார்த்துத்தான். டீச்சர் மறுபடி போன் போட்டாராம். "ஏய், அது இல்ல. இது வேற. உக்காந்திருக்கா. சடை நீளமாத்தான் இருக்கு. முகம் இன்னும் தெரியல."

சுவர்ப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. "ஏலே கருப்பசாமி, எங்க பக்கமும் கொஞ்சம் திரும்புலே! நாங்களும் கம்பெனி ஆளுகதான?" என்று யாரோ கத்தினார்கள். கருப்பசாமி அண்ணன் திரும்பவில்லை. அண்ணாச்சிக்குத்தான் உறைத்தது. பாவம், தன்னால்தான் அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை என்று புரிந்துவிட்டது. எழுந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, வட்டத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து சுவர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தார். ராஜாவும் ஆறு கிழமைகளும் பாடிக்கொண்டே அவர் கூடவே அரைச் சுற்றுத் திரும்பினார்கள். நானும் சிறைக்குள் நாற்காலியை நகர்த்தி நகர்த்தித் திரும்பினேன்.

அப்பாடா, இப்போது டீச்சருக்கு என் முகம் தெரியும் என்று நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் அங்கே இல்லை! அண்ணாச்சி வந்து உட்கார்ந்தால் நம் ஆட்கள் அவருக்குச் சரிசமமாக உட்கார்ந்திருப்பார்களா? சுவர்ப் பக்கம் மொத்தமும் எழுந்து, "நீங்க இருங்க அண்ணாச்சி" என்று இடம் விட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது. போகிறபோது பெண்கள் டீச்சரையும் சும்மா விடவில்லை. "அண்ணாச்சி வாராக, நாம அங்கன போயிருவோம் டீச்சர்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கேட் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடியும் அவருக்கு என் முதுகு.

கேட் பக்கம் இப்போது கூட்டம் பிதுங்கியது. அத்தனை பேருக்கும் முதுகு. அண்ணாச்சி அதையும் கவனித்தார். அந்த மனுஷருக்கு மட்டும் கொஞ்சம் ஈவிரக்கம் குறைவாக இருந்திருந்தால் என் நாடகம் பிழைத்திருக்கும். மறுபடி எழுந்தார். மறுபடி நாற்காலியைத் தூக்கினார். கேட் பக்கம் திரும்பி வந்தார். நாங்கள் மறுபடி அரைச் சுற்று. அந்தப் பக்கத்துக்காரர்கள் எழுந்து சுவர்ப் பக்கம் ஓட்டம், டீச்சர் உட்பட.

போன வேகத்தில் அவர்களுக்கு விவரமும் வந்துவிட்டது. அண்ணாச்சி எங்கே இருக்கிறாரோ அதுதான் முன்பக்கம். பிறகு ஏன் சுவர்ப் பக்கம் போய் உட்கார வேண்டும்? நாலு பக்கத்து ஜனமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணாச்சிக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் என் வட்டரங்கு அக்மார்க் கல்யாண மண்டபமாகிவிட்டது. முன் வரிசை, நடு வரிசை, பின் வரிசை. எல்லாம் வந்துவிட்டன.

சுவர்ப் பக்கம் ஒரே ஒரு ஆள் மிச்சம்.

"வாங்க டீச்சர், அங்கன போயிருவோம்" என்று யாரோ கூப்பிடுவது கேட்டது.

"நான் வரலைம்மா. ரெண்டு தடவை எந்திரிச்சாச்சு, முட்டி வலிக்கி. பாக்கது இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன்" என்ற குரலும் கேட்டது. அது கோபம் வந்த குரலா, களைத்த குரலா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு முதுகுப் பக்கம் அல்லவா!

திங்கட்கிழமையின் சிறைப் பாட்டு வந்தது. நாடகத்திலேயே எனக்கென்று இருந்த ஒரே தனிப்பாட்டு. எதிரே அண்ணாச்சியும் நூற்றைம்பது பேரும். பின்னால் தனியாக ஒரே ஒரு அம்மாள். சாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி என் முகத்தைப் பார்க்க வந்தவர். டேனியலின் 'தோத்துப் போயிருவேன்' காதுக்குள் கேட்டது. முதல் இரண்டு வரியை அண்ணாச்சியைப் பார்த்தே பாடினேன்:

"என்னை எவருக்கும் பிடிக்கலையே
எந்திரிச்சு வந்தாலே எல்லார்க்கும் தலைவலியே..."

அதற்குமேல் முடியவில்லை. மனசுக்குள் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கி அப்படியே திருப்பிப் போட்டேன். சிமெண்டுத் தரையில் வைத்திருந்த பலகை கிரீச்சென்று கத்தியது.

"ஏ தாயி! அண்ணாச்சி இங்கன இருக்காக!" என்று ராஜா பதறிப்போய் உரக்கவே சொல்லிவிட்டார்.

டீச்சரை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். மற்ற நாற்காலிகள் எல்லாம் போய்விட்ட வெறும் தரைக்கு நடுவே, தன் நாற்காலியில் தனியாக, மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்துப் பாடினேன்:

"ஞாயித்துக்குப் பொறந்த மூத்த பொண்ணு
தங்கச்சி அஞ்சு பேரு எம்மேல கண்ணு
சம்பளம் வேணும்னா நான் வேணுமே
சாக்குச் சொல்லாம என்னச் சேத்துக்கணுமே!"

டீச்சர் சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் சரியாக அரை நிமிஷம் தங்கியது.

ஏனென்றால் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குத் திங்கட்கிழமையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அது தப்பா? நாற்காலியைத் தூக்கினார். ஓரமாக நடந்து வந்து, டீச்சருக்குப் பக்கத்தில் போட்டு, "உக்காரலாமாம்மா?" என்று கேட்டு உட்கார்ந்தார். அடுத்த நொடி நூற்றைம்பது பேரும் எழுந்தார்கள். இந்தத் தடவை ஓரமாகச் சுற்றிப் போக யாருக்கும் பொறுமை இல்லை. நேர் வழி வட்டத்தின் நடுவேதான். தலைக்கு மேல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் நாடகத்துக்குள் புகுந்து வந்தார்கள். யாருடைய காலோ கீபோர்டு வயரில் சிக்கி, இசை செத்துப்போனது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ராஜாவின் கிரீடம் உருண்டது. "கிரீடம், கிரீடம்" என்று அவர் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து போனார். நான் மட்டும் சிறையில் உட்கார்ந்து, இசை இல்லாமல், விடாமல் பாடிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

நாடகம் அத்தோடு நின்றுபோனது. ராஜா கடைசிக் காட்சியில் திங்கட்கிழமையின் காலில் விழ வேண்டும். கிரீடம் இல்லாமல் வர மாட்டேன் என்றுவிட்டார். (அது அண்ணாச்சி நாற்காலியின் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. பார்த்த யாருக்கும் அவரை எழுந்திருக்கச் சொல்லத் துணிவு வரவில்லை.) ஆகவே சட்டப்படி திங்கட்கிழமை இன்னும் சிறையில்தான் இருக்கிறது. "நாடகம் நல்லா நடந்தா மொட்ட போடுதேன்னு இருக்கன்குடி ஆத்தாவுக்கு வேண்டியிருந்தேன். இப்பப் போடணுமா, வேணாமா?" என்று கருப்பசாமி அண்ணன் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

நான் ரீல்களுக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், அண்ணாச்சி கையில் ஒரு டம்ளரோடு நிற்கிறார்.

"ஏம்மா, சாத்தூர் டீச்சர் உன்னப் பாக்க வந்தவுகளாமே, சொல்லவே இல்லையே! இந்தா, டீ கொண்டு போய்க் குடு."

வாங்கிக்கொண்டு போனேன். டம்ளரைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, டீச்சர் முன்னால் போய் நின்றேன். எதைச் செய்யவே மாட்டேன் என்று சபதம் போட்டேனோ, அதை முழுசாகச் செய்தேன்.

"குனியாத. இம்புட்டு நேரமும் தெரியாமத்தான இருந்துச்சு. நிமிரு" என்றார் டீச்சர்.

நிமிர்ந்தேன். மை கரைந்து கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது. நெஞ்சில் அட்டை வேறு. அவர் என்னை நன்றாகப் பார்த்தார். ஒரு வாய் டீ குடித்தார்.

"என்ன மன்னிச்சிருங்க டீச்சர். உங்களுக்கு முதுகையே காட்டிக்கிட்டு..."

"முப்பது வருசம் போர்டுல எழுதுனவ நான். எத்தனை பிள்ளைகளுக்கு முதுகக் காட்டியிருப்பேன்! முதுகப் பாத்தா பின்னாடி என்ன நடக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியுதா, தெரியலையான்னு எனக்குக் கண்டுபிடிக்க வரும். உனக்குத் தெரிஞ்சுது. தவிச்சுக்கிட்டே இருந்தே." இன்னொரு வாய் குடித்தார். "அம்புட்டு ஜனத்தையும் விட்டுட்டு எனக்காகத் திரும்புனேல்ல, எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஆனா ரெண்டாவது அடியில தாளம் தப்புது."

அன்று ராத்திரி டேனியலுக்கு அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: "பாத்தாச்சு. முகமும் இருக்கு."

அடுத்த ஆண்டு விழாவில் கருப்பசாமி அண்ணன் (மொட்டை போட்டு முடி வளர்ந்திருந்தது) தலைமையில் மறுபடி நாடகம் நடந்தது. வட்டரங்குதான். ஒரு சின்ன மாற்றம். அண்ணாச்சியை ஆபீஸிலிருக்கும் சுழல் நாற்காலியில் நட்டநடுவில் உட்கார வைத்துவிட்டு, அவரைச் சுற்றி நாடகம் நடத்தினார்கள். யார் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் அவர் சுழன்றுகொண்டார். யாரும் யாருக்கும் முதுகு காட்ட வேண்டியிருக்கவில்லை. அதுதான் எங்கள் கம்பெனியின் மிகச் சிறந்த நாடகம் என்று இன்றும் சொல்கிறார்கள். அதை இயக்கியது நான் இல்லை.

எங்கள் கல்யாணம் சாத்தூர்ப் பக்கத்து ஆலயத்தில் நடந்தது. பாதிரியார் முன்னால் நானும் டேனியலும் சபைக்கு முதுகு காட்டி நின்றோம். முக்காடு போட்ட மணப்பெண், ஆலயம் முழுக்க அமைதி. முதல் வரிசையிலிருந்து கனகமணி டீச்சர் பக்கத்து அம்மாளிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஆளு மாறலை. நம்ம பிள்ளைதான். எனக்கு இந்த முதுகு தெரியும்."

பாதிரியாரே சிரித்துவிட்டு, விட்ட வரியைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தார்.

இப்போதும் நான் அதே அச்சகத்துக்குத்தான் போகிறேன். திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸைப் பையில் திணித்து, செருப்பை மாட்டி, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் "போயிட்டு வாரேன் அத்தை" என்று கத்திக்கொண்டே படி இறங்குவேன். உள்ளேயிருந்து குரல் வரும்.

"திங்கட்கிழமை, இங்கன திரும்பு."

திரும்புவேன். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து பார்ப்பார்.

"ம். முகம் இருக்கு. போயிட்டு வா."